கேளுங்கள், சொல்கிறேன்: 52 எப்படி 38 ஆனது?

வாசகி, ஈசூன்: வீட்டில் ஒரு தட்டச்சுப் பயிற்சி இணையத்தளத்தில் தட்டினால் நிமிடத்துக்கு 52 சொல் வருகிறது, துல்லியம் மட்டும் 91 விழுக்காட்டைத் தாண்ட மாட்டேன் என்கிறது. போன மாதம் தரவுப் பதிவு வேலைக்கு ஓர் அலுவலகத்தில் ஐந்து நிமிடத் தேர்வு. தாளில் மொத்த வேகம் 52, தவறு 14, நிகர வேகம் 38 என்று போட்டிருந்தார்கள். அவர்கள் கேட்டது 40. இரண்டே சொல்லில் வேலை போய்விட்டது, இது நியாயமா?

கணக்கைப் பார்த்ததும் எனக்கே சுருக்கென்றது. 52-இலிருந்து 14-ஐ அப்படியே கழித்திருக்கிறார்கள்!

தட்டச்சில் ஒரு சொல் என்றால் அகராதிச் சொல் இல்லை, இடைவெளியும் சேர்த்து ஐந்து தட்டு. ஐந்து நிமிடத்தில் நீங்கள் 1300 தட்டு தட்டியிருக்கிறீர்கள், ஐந்தால் வகுத்தால் 260 சொல், அதுதான் நிமிடத்துக்கு 52. பரவலாக இருக்கும் முறையில் திருத்தாமல் விட்ட தவறு ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் போகும், ஆக 260-இல் 14 போய் 246, நிமிடத்துக்கு 49 சொச்சம். உங்கள் தாளிலோ ஐந்து நிமிடத் தவறையும் ஒரு நிமிட வேகத்திலிருந்து பிடித்துவிட்டார்கள், அதாவது தவறு ஒன்றுக்கு ஐந்து சொல். வேண்டுமென்றே வைத்த விதியா, எக்செல்லில் யாரோ வகுக்க மறந்ததா என்பது அவர்களுக்குத்தான் தெரியும். நிகர வேகத்தை எப்படிக் கணக்கிடுகிறீர்கள் என்று மட்டும் கேட்டு ஒரு மின்னஞ்சல் போடுங்கள்.

சண்டைக்குப் போக வேண்டாம், ஏனென்றால் இதைவிடக் கடுமையான விதியெல்லாம் இருந்திருக்கிறது. பழைய தட்டச்சுப் போட்டிகளில் தவறு ஒன்றுக்குப் பத்துச் சொல் காலி. ஆல்பர்ட் டாங்கோரா என்ற அமெரிக்கர் 1923-இல் அண்டர்வுட் இயந்திரத்தில் ஒரு மணி நேரம் விடாமல் தட்டி நிமிடத்துக்கு 147 எடுத்தாரே, அது அந்தக் கழிவெல்லாம் போக மிஞ்சியது. அந்த விதியில் உங்களுக்கு 24தான் வந்திருக்கும்.

சரி, அந்த 91. பள்ளி மார்க் என்றால் தட்டிக்கொடுக்கலாம், தட்டச்சில் அது பதினொரு தட்டுக்கு ஒரு பிழை. "நான்தான் எல்லாவற்றையும் திருத்திவிடுகிறேனே" என்பீர்கள். பல தளங்களில் பேக்ஸ்பேஸ் அடித்துத் திருத்தினாலும் முதலில் விழுந்த தவறான தட்டு துல்லியக் கணக்கிலிருந்து அழியாது. அப்புறம், ஓர் எழுத்துக்கு மூன்று தட்டு செலவாகிறது: தப்பு, அழிப்பு, சரி. நாலு எழுத்து தாண்டிய பிறகு கவனித்தால் இன்னும் மோசம். மங்கிடைப் (Monkeytype) போன்ற தளத்தில் வேகத்துக்கு முழுசாகச் சரியான சொற்கள் மட்டும்தான் சேரும், பத்தெழுத்துச் சொல்லில் ஒன்று பிசகியதைத் திருத்தாமல் விட்டால் பத்தும் போச்சு. சில தளங்களில் ஓர் எழுத்தை விட்டுவிட்டால் பின்னால் வருவதெல்லாம் வரிசையாகச் சிவப்பாகும், நீங்கள் விட்டது ஓர் எழுத்துதான், ஆனால் தளம் அத்தனையையும் தவறாக எண்ணக்கூடும். நானாக இருந்தால் வேகத்தை 45-க்கு இறக்கி, துல்லியம் 97 ஆகும்வரை அங்கேயே ஓட்டுவேன்.

வாசகர், ஜூரோங் வெஸ்ட்: ஆங்கிலத்தில் 60 வருகிற எனக்குத் தமிழில் 25 கூட வரவில்லையே, விரலில் கோளாறா?

விரலில் ஒன்றும் இல்லை. "சிங்கப்பூர்" கண்ணுக்கு ஆறெழுத்து. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யுனிகோடு முறையில் புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனி என்பதால் அது பதினொன்று. தமிழ்99 விசைப்பலகையில் ஒன்பதே தட்டு, ங-வுக்குப் பின் க வந்தாலும் ப-வை இரண்டு முறை அடித்தாலும் புள்ளி தானாக விழும். இதில் எதை ஐந்தால் வகுப்பது? தளத்துக்குத் தளம் வேறு, அதனால் ஆங்கில எண்ணோடு ஒப்பிடுவதை விடுங்கள். இன்னொன்று, "கொ" என்ற எழுத்தைக் கணினி இரண்டு விதமாகச் சேமிக்கலாம், பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். சரியாக அடித்தும் கொ, கோ, கௌ வரும் இடங்களில் மட்டும் சிவப்பு விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் தளம்தான் குழம்புகிறது, வேறொன்று தேடிக்கொள்ளுங்கள்.