நேரம்னா எந்த நேரம்?

கேள்வி: கையில கிரேக்க எழுத்துல 'நேரம்'னு டாட்டூ போட ஆசை சார். எனக்கான நேரம் வந்துடுச்சுங்கிற அர்த்தத்துல. ஆப்ல தட்டினா க்ரோனோஸ், கெரோஸ், ஓரா, ஃபொரான்னு நாலு வருது. எதைப் போடட்டும்?

பதில்: நல்லவேளை போடறதுக்கு முன்னாடியே கேட்டீங்க தம்பி. நாலுமே நிஜமான வார்த்தைதான், ஆனா ஒண்ணோட இடத்துல இன்னொண்ண வைக்க முடியாது. மணி என்னன்னு கேட்க ஓரா. டைம் இல்லன்னு சொல்ல க்ரோனோஸ், அதுக்கே வருஷம்னும் அர்த்தம் உண்டு, பிறந்தநாளுக்கு அவங்க சொல்ற 'க்ரோனியா பொல்லா'ன்னா பல வருஷங்கள்னுதான் பொருள். ஃபொரான்னா தடவை. நம்ம 'நேரம்'ல அந்த அர்த்தமே கிடையாது, ஆப் இங்கிலீஷ் 'டைம்' வழியா சுத்திப் போயிருக்கும், அதான் அதுவும் உள்ள வந்துடுச்சு.

நீங்க தேடறது கெரோஸ். பழைய கிரேக்கத்துல அதுக்கு தக்க சமயம்னு அர்த்தம், கி.மு. 4-ம் நூற்றாண்டுல லிசிப்போஸ்னு ஒரு பெரிய சிற்பி அதை ஒரு தெய்வமாவே செஞ்சு வச்சார், காலுல இறக்கை, நெத்தியில முடி, பின்னந்தலை வழுக்கை, அதாவது எதிர்ல வரும்போதே பிடிச்சாத்தான் உண்டு, தாண்டிப் போயிட்டா பிடிக்க முடியாதுன்னு, எவ்ளோ அழகான கற்பனை பாருங்க! ஆனா இன்னிக்கு ஏதென்ஸ்ல ஒருத்தர் உங்க கையப் பார்த்தா முதல்ல 'வானிலை'ன்னுதான் படிப்பார், இப்போ அந்த வார்த்தை பெரும்பாலும் மழை வெயிலுக்குத்தான் புழங்குது.

சரி ஓராவ வச்சு 'என் நேரம் வந்துடுச்சு'ன்னு முழுசா எழுதலாமேன்னு தோணும். வேண்டவே வேண்டாம், 'என்'னு சேர்த்தா சாகற நேரம் வந்துடுச்சுன்னும் எடுத்துக்குவாங்க.

அதனால ஒத்தை வார்த்தைய விட்டுட்டு 'கெரோஸ் பன்டி பிராக்மாட்டி'ன்னு போடுங்க. எந்தக் காரியத்துக்கும் ஒரு தக்க சமயம் உண்டுன்னு அர்த்தம், பைபிள்ல பிரசங்கி புத்தகத்தோட பழைய கிரேக்க மொழிபெயர்ப்புல இருந்து வந்த சொலவடை, இன்னிக்கும் கிரேக்கர்களுக்குப் பழக்கமானது, அதுல யாரும் வானிலைன்னு படிக்க மாட்டாங்க. சின்ன எழுத்துல போட்டா கெரோஸ் கடைசியில வர்ற 'ஸ்'க்கு வடிவமே வேற, வார்த்தை நடுவுல வர்ற சிக்மாவ, அதாவது கிரேக்க 'ஸ்' எழுத்த, அங்க போட்டுடாம பார்த்துக்கோங்க, எல்லாமே பெரிய எழுத்துன்னா அந்தத் தொல்லை இல்ல, மேல போடற அழுத்தக்குறியும் தேவையில்ல.