பதினொரு மணிக்கு வரலாம்

அன்புள்ள ஐயா,
எனக்கு முடக்குவாதம். எட்டு மாத விடுப்புக்குப் பின் அடுத்த மாதம் வேலைக்குத் திரும்புகிறேன். நோயின் பெயரை அலுவலகத்தில் சொல்லலாமா, மறைக்கலாமா? மனஉறுதிக்கு ஏதாவது புத்தகம் சொல்லுங்கள். பழைய ஆளாகவே திரும்பி வந்திருக்கிறேன் என்று எல்லோருக்கும் காட்ட வேண்டும்.
எஸ்.

அன்புள்ள எஸ்.,

புத்தகமெல்லாம் வேண்டாம். உறுதி இல்லாமலா எட்டு மாதம் அந்த வலியோடு இருந்தீர்கள்? எனக்குக் கோபம் வந்தது உங்கள் கடைசி வரியைப் பார்த்துத்தான். யாருக்கு என்ன காட்டப் போகிறீர்கள்? முதல் வாரம் விழுந்து விழுந்து வேலை பார்ப்பீர்கள், நல்லாத்தானே இருக்கீங்க என்பார்கள், அதைக் கேட்டு இன்னும் இரண்டு மணி நேரம் கூடுதலாக உட்காருவீர்கள், மூன்றாவது வாரம் மூட்டெல்லாம் வீங்கிப் படுத்துவிடுவீர்கள். அப்புறம் இவரால் முடியாது என்று அவர்களே முடிவு கட்டிவிடுவார்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்.

என் சித்திக்கும் இதே நோய்தான். கணக்குப் பிரிவில் வேலை. காலையில் விரல்கள் மடங்காது, ஜாக்கெட் கொக்கியைப் பாட்டிதான் மாட்டிவிட வேண்டும். வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பத்து மணிக்கு மேல்தான் பேனா பிடிக்க வரும், அதற்குப் பிறகு அவர் போடும் கணக்கில் ஒரு காசு பிசகாது. ஒன்பது மணிக்கு வந்தே ஆக வேண்டும் என்றிருந்த வரை அவருக்குத் தினமும் திட்டு. தலைமைக் கணக்கர் ஒருநாள், பதினொன்றுக்கு வாங்கம்மா, சாயங்காலம் சரிக்கட்டிக்கொள்ளலாம் என்றார். ஓய்வு பெறும் வரை சித்தி அந்த நாற்காலியில்தான் இருந்தார்.

முடக்குவாதத்தில் காலை விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேலும் நீடிக்கும். இந்த நோய்க்குத் தரும் மெதோட்ரெக்சேட் மருந்தை வாரம் ஒருமுறை எடுப்பவர்களில் பலருக்கு மறுநாள் குமட்டலும் அசதியும் இருக்கும். எல்லாம் முன்கூட்டியே தெரிந்ததுதானே, அதை வைத்து வேலை நேரம் போட முடியாதா? முழுக்கக் குணமானதும் வாருங்கள் என்கிற நிர்வாகிகளைக் கண்டால் எனக்கு ஆத்திரமாக வருகிறது. ஆயுசுக்கும் கூட வரும் நோய்க்கு அப்படிச் சொன்னால், வராதே என்பதைத்தான் மரியாதையாகச் சொல்கிறார்கள். ஐ.நா. 2006-ல் ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 27-வது பிரிவு, வேலைக்குத் திரும்ப உதவும் திட்டங்களைத் தனியாகவே குறிப்பிடுகிறது. நீங்கள் கேட்கப்போவது தயவு இல்லை.

பிரிட்டனில் 2010 முதல் மருத்துவர் தரும் சான்றிதழிலேயே, படிப்படியாகத் திரும்பலாம், நேரத்தை மாற்றலாம், வேலையை மாற்றித் தரலாம், பணியிடத்தில் வசதி செய்து தரலாம் என்று குறித்துக் கொடுக்க இடம் உண்டு. உங்கள் மருத்துவரிடமும் அப்படி விவரமாக எழுதி வாங்குங்கள். முதல் மாதம் அரை நாள், காலையில் இத்தனை மணிக்கு மேல், நடுநடுவே எழுந்து நடக்க வேண்டும், இப்படி. 'வேலைக்குத் தகுதியானவர்' என்ற ஒற்றை வரியை வாங்கிக்கொண்டு போகாதீர்கள். மேலாளரிடம் பேசி முடித்ததை அன்றைக்கே மின்னஞ்சலில் போட்டுவிடுங்கள், மேலாளர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள்.

நோயின் பெயரைச் சொல்வது உங்கள் இஷ்டம், பெயர் இல்லாமல் எழுதித் தர முடியுமா என்று மருத்துவரிடமே கேளுங்கள். முதல் வாரம் போய்விட்டு வந்து எழுதுங்கள்.