பழைய அமெரிக்க ரேடியோ பற்றிக் கேளுங்கள்

கேள்வி: 1938இல் செவ்வாய் கிரகத்துக்காரர்கள் படையெடுக்கும் ரேடியோ நாடகத்தைக் கேட்டு அமெரிக்காவே தெருவுக்கு ஓடியதாமே, நிஜமா சார்?

பதில்: சிலர் பயந்தது நிஜம். அக்டோபர் 30 இரவு சிபிஎஸ் என்ற வானொலி நிறுவனத்தில் நடிகரும் இயக்குநருமான ஆர்சன் வெல்ஸ் போட்ட நாடகம் அது. நடன இசையை நடுவில் நிறுத்திவிட்டு அவசரச் செய்தி வாசிப்பது போலவே அமைத்திருந்தார்கள், அதனால் பாதியில் வந்து கேட்டவர்கள் சிலர் பதறிப்போய் போலீசுக்குப் போன் போட்டார்கள். ஆனால் அந்த நேரத்தில் பெருங்கூட்டம் இருந்தது போட்டி நிறுவனமான என்பிசியில், எட்கர் பெர்கன் நிகழ்ச்சியில். ஊரே ஓடியது என்பதெல்லாம் பத்திரிகைகள் ஊதிப் பெரிதாக்கியது. விளம்பரக் காசை ரேடியோ தட்டிப் பறிக்கிறதே என்ற கடுப்பு அவர்களுக்கு.

கேள்வி: பெர்கன் பொம்மையைப் பேச வைப்பவர் ஆயிற்றே? ரேடியோவில் பொம்மை எப்படித் தெரியும்?

பதில்: தெரியாது! பெர்கனின் வாய் அசைந்தாலும் வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியாது, அது அவருக்கு வசதி. சார்லி மெக்கார்த்தி என்ற அந்த மரப்பொம்மையின் வாய்த்துடுக்குக்காகவே கேட்டார்கள்.

கேள்வி: நாடகங்களுக்கு யார் காசு போட்டார்கள்?

பதில்: பெரும்பாலும் விளம்பரதாரர்தான். 1933இல் தொடங்கிய 'மா பெர்கின்ஸ்' தொடரை பிராக்டர் அண்ட் கேம்பிள் தன் ஆக்ஸிடால் சோப்புத்தூளை விற்க நடத்தியது. பகலில் வீட்டிலிருக்கும் பெண்களுக்காகத் தினம் 15 நிமிடம், 1960 வரை ஓடியது. கதை எப்படிப் போக வேண்டும் என்பதிலும் விளம்பர ஏஜென்சிக்காரர்கள் மூக்கை நுழைத்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

கேள்வி: நாடகத்தில் குதிரைச் சத்தம் எப்படி வரவழைத்தார்கள்?

பதில்: கொட்டாங்குச்சிதான், வேறென்ன. நெருப்புக்கு மைக் பக்கத்தில் செல்லோபேன் தாளைக் கசக்குவார்கள், பனியில் நடப்பதற்குச் சோளமாவுப் பொட்டலத்தை அழுத்துவார்கள்.

கேள்வி: ஏன் எல்லாவற்றையும் நேரலையிலேயே செய்தார்கள்? பதிவு செய்திருக்கலாமே?

பதில்: என்பிசியும் சிபிஎஸ்ஸும் பதிவு நிகழ்ச்சி என்றாலே முகம் சுளித்தன. கிழக்குக் கரைக்கு ஒருமுறை நடித்துவிட்டு, மூன்று மணி நேரம் கழித்து மேற்குக் கரைக்காக அதே நாடகத்தை மறுபடி நடித்த நடிகர்கள் உண்டு. அந்த நேரலை வழக்கத்தை உடைத்தவர் பாடகர் பிங் கிராஸ்பி. வாரா வாரம் நேரலைக்குக் கட்டுப்பட்டுக் கிடக்கப் பிடிக்காமல், பதிவுக்குச் சம்மதித்த ஏபிசி என்ற இன்னொரு வானொலி நிறுவனத்துக்கு 1946இல் போய்விட்டார். முதலில் இசைத்தட்டில் பதிந்தார்கள், ஒலி சுமார்தான். 1947இல் காந்த நாடா வந்ததும் வெட்டி ஒட்டுவது சுலபமானது.

கேள்வி: டிவி வந்துதானே எல்லாம் முடிந்தது?

பதில்: ஆமாம், விளம்பரதாரர்கள் அங்கே போனார்கள், நட்சத்திரங்களும் பின்னாலேயே போனார்கள். சிபிஎஸ்ஸின் 'சஸ்பென்ஸ்' என்ற திகில் நாடகத் தொடர் 1962 செப்டம்பர் 30 வரை தாக்குப்பிடித்தது.