அபராதம் கட்டி முடித்த வழக்கும் தண்டனைதான்

கேள்வி: மன்னார்குடி பக்கத்துக் கிராமம். பி.எஸ்சி. நர்சிங் முடித்து, தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். 2017இல் வரப்புத் தகராறில் பெரியப்பா வீட்டார் கொடுத்த புகாரில் அப்பா, அண்ணன், நான் மூன்று பேர் மேலும் இ.த.ச. (இந்திய தண்டனைச் சட்டம்) 294(பி), 323, 506(1) பிரிவுகளில், அதாவது ஆபாசமாகத் திட்டியது, அடித்துக் காயப்படுத்தியது, மிரட்டியது என்று வழக்கு. நான் அப்போது கடைசி வருஷ மாணவி. தகராறு நடந்த இடத்திலேயே இல்லை. ஆளுக்கு 1,500 ரூபாய் கட்டினால் முடிந்துவிடும் என்று வக்கீல் சொன்னார், கட்டினோம். இப்போது அரசு செவிலியர் பணிக்குத் தேர்வாகியிருக்கிறேன். விண்ணப்பத்தில் குற்ற வழக்கு உண்டா என்ற இடத்தில் ‘இல்லை’ என்று போட்டுவிட்டேன். பத்து நாளில் காவல்துறை சரிபார்ப்புப் படிவம் கொடுக்க வேண்டும். ஸ்டேஷனில் சொல்லிச் சரிக்கட்டலாம் என்கிறார் அத்தான். பெட்டிஷன் போடுவேன் என்கிறான் பெரியப்பா மகன். கவுன்சில் பதிவும் போய்விடுமா? பொய் வழக்குப் போட்டவர்கள் மேல் நான் வழக்குப் போடலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் முக்கால்வாசி பெரியப்பா செய்த அநியாயம். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் உங்கள் வேலையைத் தீர்மானிக்கப்போவது அவர் அன்று செய்தது இல்லை, நீங்கள் விண்ணப்பத்தில் போட்ட ‘இல்லை’. மீதி எல்லாம் அதற்குப் பிறகுதான்.

‘கட்டி முடித்துவிட்டோம்’ என்கிறீர்களே, நீதிமன்றத்தில் முடிந்தது எப்படி என்று பாருங்கள். நீதிபதி குற்றச்சாட்டைப் படித்து, ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்டார். தலையாட்டினீர்கள். அந்த ஒப்புதலின் பேரில் குற்றவாளி என்று தீர்ப்பு எழுதி, பிரிவுக்கு இவ்வளவு என்று அபராதம் விதித்தார். 1,500 ரூபாய் என்பது வழக்கை முடிக்கும் கட்டணம் கிடையாது, தண்டனை. தீர்ப்பில் ‘கோர்ட் கலையும் வரை’ என்று ஒரு வார்த்தை இருந்தால் இன்னும் மோசம். சாயங்காலம் வரை பெஞ்சில் உட்கார வைத்தது வெறுங்காவல் தண்டனையாகவே கணக்கு. ‘சிறைத்தண்டனை பெற்றதுண்டா’ என்ற கேள்விக்கும் உங்கள் பதில் மாறிவிடும். ஆகவே முதலில் தீர்ப்பு நகல். அது கையில் இல்லாமல் படிவத்தில் பேனா வைக்காதீர்கள்.

நீதித்துறை நடுவர் நீதிமன்ற நகல் பிரிவில் மனுப் போடுங்கள். இந்த மாதிரி வழக்குகள் பெரும்பாலும் எஸ்.டி.சி. (சுருக்க விசாரணை வழக்கு) எண்ணில் இருக்கும், சி.சி. (வழக்கமான விசாரணை வழக்கு) எண்ணில் தேடிவிட்டு ‘வழக்கே இல்லை’ என்று சந்தோஷப்பட்டுத் திரும்பியவர்கள் உண்டு. முதல் தகவல் அறிக்கையின் குற்ற எண்ணும் காவல் நிலையமும் தெரிந்தால் பதிவேட்டில் பிடித்துவிடலாம். சிறு வழக்குக் கட்டுகளைச் சில வருஷங்களில் அழித்துவிடுவார்கள். அப்படியானால் ‘கட்டு அழிக்கப்பட்டது’ என்ற மேற்குறிப்போடு மனுவைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள், கூடவே எஸ்.டி.சி. பதிவேட்டுப் பகுதியின் நகலும். கட்டு அழிந்ததால் தண்டனை அழிந்துவிடாது. பதிவேட்டிலும் காவல்துறைக் கணினியிலும் அது இருக்கிறது.

இனி, இந்த இடத்தில் கட்சிக்காரர்கள் எப்படி விழுகிறார்கள் என்பது. 2016இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு சொன்னதைப் பலரும் பாதி மட்டும் படிக்கிறார்கள். இளவயதில் கோஷம் போட்டது போன்ற அற்ப வழக்கை மறைத்திருந்தால், மறைத்ததைப் பொருட்படுத்தாமல் விட வேலை கொடுப்பவருக்கு விருப்புரிமை உண்டு என்பது ஒரு பாதி. விருப்புரிமை அவருடையது, உங்கள் உரிமை இல்லை என்பது மறு பாதி. உண்மையைச் சொன்னவரைக்கூட நியமித்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது, பின்னணியைப் பார்த்து முடிவெடுக்கலாம் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. உங்களுக்குச் சாதகமான ஒரு வரியும் அதில் உண்டு: படிவத்தில் குறிப்பாகக் கேட்டதைச் சொல்லாமல் விட்டால்தான் மறைப்பு. அதனால் விண்ணப்பத்தில் அந்தக் கேள்வி சரியாக எந்த வார்த்தைகளில் இருந்தது என்று அச்செடுத்து வையுங்கள். ‘நிலுவையில் உள்ள வழக்கு உண்டா’ என்று மட்டும் கேட்டிருந்தால் உங்கள் ‘இல்லை’ பொய்யே இல்லை. ‘எப்போதாவது வழக்குத் தொடரப்பட்டதா, அபராதம் விதிக்கப்பட்டதா’ என்று கேட்டிருந்தால் பொய்.

‘சின்ன கேஸ்தானே, பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்பவர்களுக்கு 2021ஆம் ஆண்டு ராஜஸ்தான் மின்தொடரமைப்பு நிறுவன வழக்கைக் காட்டுங்கள். அந்த ஊழியர் மறைத்த வழக்கில் இருந்தவை 323, 341 (வழிமறித்தது) பிரிவுகள். கொலையுமில்லை, களவுமில்லை. குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் 12ஆம் பிரிவின் சலுகையும் அவருக்குக் கிடைத்திருந்தது. தண்டனையால் வரும் தகுதியிழப்பு அவரை ஒட்டாது என்பதுதான் அந்தப் பிரிவு. உயர் நீதிமன்றம் அவருக்கு வேலையைத் திருப்பிக் கொடுத்தது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து நீக்கத்தை உறுதி செய்தது. வழக்கு சிறியதா என்பது விஷயமில்லை, தொடக்கத்திலேயே பொய் சொன்னவரை நம்பச் சொல்லி நிர்வாகத்தைக் கட்டாயப்படுத்த முடியாது என்பது காரணம். உங்கள் வழக்கோடு ஒட்டி வைத்துப் பாருங்கள்.

அத்தான் சொல்லும் வழி இதைவிட ஆபத்து. ஸ்டேஷனில் யாரோ ஒருவர் ‘வழக்கு ஏதுமில்லை’ என்று எழுதிக் கொடுத்தாலும், காவல்துறையின் தனிப்பிரிவும் (உளவுப் பிரிவு) மாவட்டக் குற்றப் பதிவேட்டுக் கூடமும் தங்கள் பதிவில் தனியாகப் பார்க்கும். அதையும் தாண்டிப் பணியில் சேர்ந்துவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெரியப்பா மகன் இன்று பெட்டிஷன் போட மாட்டான். நீங்கள் தகுதிகாண் பருவம் முடிக்கிற வருஷமோ, பதவி உயர்வுப் பட்டியல் வருகிற வருஷமோ போடுவான். டெல்டாவில் பங்காளிச் சண்டைக்குப் பொறுமை அதிகம். அப்போது 17(பி) குறிப்பாணை, அதாவது துறை ஒழுங்கு நடவடிக்கைக்கான குற்றச்சாட்டு, வரும். வீட்டுக் கடன் எடுத்திருப்பீர்கள், தனியார் வேலையை விட்டு வருஷங்கள் ஆகியிருக்கும். இன்று போகக்கூடியது நியமனம் ஒன்றுதான்.

எனவே இந்த வாரமே ஒரு திருத்தக் கடிதம். தேர்வு வாரியத்துக்கும், நியமனம் செய்யும் அதிகாரிக்கும் தனித்தனியாக. காவல்துறை அறிக்கை அவர்கள் மேசைக்குப் போவதற்கு முன் உங்கள் கடிதம் போயிருக்க வேண்டும். முந்தினால் திருத்தம், பிந்தினால் பிடிபட்டது. நேரில் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள், ஒப்புகையுடன் தபாலிலும் அனுப்புங்கள். விண்ணப்ப எண், பதிவு எண், குற்ற எண், காவல் நிலையம், எஸ்.டி.சி. எண், தீர்ப்புத் தேதி, பிரிவுகள், கட்டிய தொகை. ‘அபராதம் கட்டியதோடு வழக்கு முடிந்ததாகக் கருதி, தவறான புரிதலில் இல்லை என்று குறிப்பிட்டேன்; உண்மை விவரம் இதுவே’ என்று இரண்டு வரி. அவ்வளவுதான். பெரியப்பா கெட்டவர், இன்ஸ்பெக்டர் காசு வாங்கினார், நான் இடத்திலேயே இல்லை என்று எழுத ஆரம்பித்தால், நீங்களே ஒப்புக்கொண்ட குற்றத்தை மறுக்கிற ஆள் என்று கோப்பில் பதியும். சரிபார்ப்புப் படிவத்திலும் அதே விவரம், அதே வார்த்தைகள். ‘சிறு வழக்கு ஒன்று இருந்தது, முடிந்துவிட்டது’ என்று மழுப்பாதீர்கள். ‘விடுதலை’ என்று எழுதவே எழுதாதீர்கள், அது இரண்டாவது பொய். பிரிவு எண்களைப் பழைய இந்திய தண்டனைச் சட்டப்படியே போடுங்கள். 2024 ஜூலையில் வந்த பாரதிய நியாய சன்ஹிதா எண்ணுக்கு மாற்றினால் காவல்துறைப் பதிவோடு ஒத்துப்போகாது.

இத்தனையும் செய்தும் நியமனத்தை மறுத்தால்? அப்போது உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுப் போட இடமிருக்கிறது: 2017இல் மாணவி, குடும்பத் தகராறு, வெறும் அபராதம், தானாக முன்வந்து சொல்லியிருக்கிறார். பொய்யோடு போனால் இதில் ஒன்றும் எடுபடாது.

தீர்ப்பையே உடைக்க முடியாதா என்று கேட்பீர்கள். ஒப்புதலின் பேரில் வந்த தண்டனைக்கு மேல்முறையீடு, தண்டனையின் அளவையும் சட்டத்தன்மையையும் பற்றி மட்டும்தான். சீராய்வு மனுவுக்கு 90 நாள். தாமதத்தை மன்னிக்கச் சொல்லித்தான் ஆரம்பிக்க வேண்டும். ஒப்புதலை முடிந்தவரை உங்கள் சொற்களிலேயே பதிந்திருக்க வேண்டும் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 252 சொல்கிறது. அச்சடித்த படிவத்தில் டிக் அடித்திருந்தால் ஒரு வாதம் உண்டு. ஆனால் ஜெயித்தால் என்ன ஆகும் என்று யாரும் சொல்வதில்லை. வழக்கு மறுபடி விசாரணைக்குத் திரும்பும். முடிந்த வழக்கு நிலுவை வழக்காக மாறும். நியமனம் வரும் நேரத்தில், அபராதத்தோடு முடிந்த பழைய வழக்கைவிட நிலுவை வழக்கு பல மடங்கு கெடுதல். பாஸ்போர்ட்டுக்கும் அதுதான் இடைஞ்சல்: நிலுவை வழக்கு இருந்தால் மறுக்கலாம் என்கிறது பாஸ்போர்ட் சட்டம் 6(2)(எஃப்). முடிந்துபோன இந்த அபராதம் உங்கள் பாஸ்போர்ட்டைத் தொடாது.

ஆக, பெரியப்பா வீட்டோடு சமாதானம் ஆகாமல் தீர்ப்பைத் தொடாதீர்கள். 2017இலேயே செய்திருக்க வேண்டியது இது. 323உம் 506(1)உம் சமரசம் செய்துகொள்ளக்கூடிய குற்றங்கள். சமரசம் பதிவானால் சட்டப்படி அது விடுதலைக்குச் சமம். 294(பி) அந்தப் பட்டியலில் இல்லை, அதற்கு உயர் நீதிமன்றம் போக வேண்டும். அன்று 1,500 கட்டுவதற்குப் பதில் ஒரு சமரச மனுவில் கையெழுத்து வாங்கியிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது. இப்போதும், சமரசத்தோடு போனால் தண்டனைக்குப் பிறகும் தனிப்பட்ட தகராறு வழக்குகளை ரத்து செய்ய உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2021இல் சொல்லியிருக்கிறது. வாசல் குறுகலானது, எதிர்த்தரப்புக் கையெழுத்து இல்லாமல் போனால் அந்த அளவுகூடத் திறக்காது. கையெழுத்தும் சரியான ஆளுடையதாக இருக்க வேண்டும். 323க்கு அடிபட்டவர், 506க்கு மிரட்டப்பட்டவர். புகார் பெரியப்பா கொடுத்து, காயச் சான்றிதழ் பெரியம்மா பேரில் இருந்தால், பெரியப்பா கையெழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

அதற்கு விலை என்ன? கடிதத்தின் நாலாம் பக்கத்தில் போகிற போக்கில் சொல்கிறீர்கள்: 20 குழி இடத்துக்காக மன்னார்குடி முன்சீப் கோர்ட்டில் உரிமையியல் வழக்கு இன்னும் நடக்கிறது. 20 குழி என்றால் 2,880 சதுர அடி, ஏழு சென்ட்கூட முழுசாக இல்லை. அதை விட்டுக்கொடுங்கள். அப்பாவுக்கு வலிக்கும், தெரியும். லோக் அதாலத்தில் வைத்து முடியுங்கள், கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பி வரும். குற்ற வழக்கில் சமரசப் பிரமாணப் பத்திரம் தருவதையும் அதே நேரத்தில் பேசி முடித்துவிடுங்கள். அண்ணனைப் பேச அனுப்பாதீர்கள். இரு வீட்டுக்கும் பொதுவான தாய்மாமன் யாராவது போகட்டும். ஒன்று மட்டும் கூடாது: ‘பெட்டிஷன் போடாமல் இருக்க இவ்வளவு’ என்று பணம் பேசுவது. அப்படி ஒரு பேச்சு வாட்ஸ்அப்பில் பதிந்தால், மறைக்க நினைத்தீர்கள் என்பதற்கு அதுவே சாட்சி. மேலே சொன்ன திருத்தக் கடிதம் போய்ச் சேர்ந்த பிறகு அவன் பெட்டிஷனில் புதிதாக ஒன்றும் இருக்காது. பேரம் பேசவும் அவனிடம் ஒன்றும் மிஞ்சாது. கடிதம் முதலில், சமாதானம் பிறகு என்ற வரிசை அதற்காகத்தான்.

தண்டனை நாளைக்கே ரத்தானாலும், ‘எப்போதாவது’ என்று கேட்கும் படிவத்தில் ‘ஆம், ரத்து செய்யப்பட்டது’ என்றுதான் எழுத வேண்டும். ரத்து உத்தரவு வந்த தைரியத்தில் ‘இல்லை’ என்று போட்டு மாட்டியவர்கள் குறைவில்லை.

மற்ற இரண்டு கேள்விகள். தமிழ்நாடு செவிலியர் கவுன்சில் பதிவைப் பற்றி அழ வேண்டாம். பதிவுக்கு ஆபத்து வருவது போலிச் சான்றிதழ், நோயாளியிடம் திருட்டு, வார்டில் மார்ஃபின் மருந்துக் கணக்கு உதைப்பது போன்றவற்றில். மாணவப் பருவத்து வரப்புச் சண்டை அந்த வரிசையில் வராது. ஆனால் நாளை இங்கிலாந்துக்கோ வளைகுடாவுக்கோ விண்ணப்பித்தால் அங்கேயும் தண்டனை விவரம் கேட்பார்கள், காவல்துறைச் சான்றும் கேட்பார்கள். இப்போது வாங்கும் தீர்ப்பு நகல் அங்கேயும் உதவும். பொய் வழக்குக்கு நஷ்டஈடு கேட்க முடியாது. உள்நோக்கத்தோடு வழக்குத் தொடர்ந்ததாகச் சொல்ல, அந்த வழக்கு உங்களுக்குச் சாதகமாக முடிந்திருக்க வேண்டும். உங்களுடையது நீங்களே ஒப்புக்கொண்டு முடிந்தது.

உயர் நீதிமன்றம் போவதானால் சென்னை. வேலை பார்ப்பது தஞ்சாவூர் என்பதால் மதுரைக் கிளைக்கு ஓடாதீர்கள். குற்ற எண் திருவாரூர் மாவட்ட ஸ்டேஷனுடையது, திருவாரூர் சென்னை அமர்வின் எல்லை. நகல் மனுப் போடும்போது அண்ணனுக்கும் ஒரு செட் சேர்த்துக் கேளுங்கள், அவர் சிங்கப்பூர் போக முயல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் படிவங்களிலும் இதே கேள்வி வரும்.