ஸ்பானிய வினைமுற்றை எங்கே பிரிப்பது?

கேள்வி: ஸ்பானிய மொழியில் 'எடுத்துக்கொண்டிருந்தோம்' என்னும் பொருள் தரும் 'தொமாபமொஸ்' என்ற சொல்லை நான் தொ-மா-ப-மொஸ் என்று பிரித்தேன், பாடநூல் தொம்-ஆ-ப-மொஸ் என்கிறது. எது சரி?

இரண்டும் சரியே. நீங்கள் பிரித்தது அசை (ஒன்றாக ஒலிக்கும் துண்டு), பாடநூல் பிரித்தது சொல்லுறுப்பு (பொருளோ இலக்கணப் பணியோ உடைய துண்டு). அழுத்தம் விழும் உயிரை இங்கே நெடிலாக எழுதுகிறேன்.

உங்கள் பிரிப்பில் 'மா' ஒரே எழுத்தாக நிற்கிறது. உறுப்புகளாகப் பார்த்தால் அதன் மெய்யாகிய 'ம்' பகுதியைச் சேர்ந்தது. உயிராகிய 'ஆ', இவ்வினையின் அடிப்படை வடிவம் ('தொமார்', எடுக்க) 'ஆர்' என முடியும் வகையினது என்பதைக் காட்டுவது. அடுத்துள்ள 'ப' இறந்தகாலத் தொடர்வினையை உணர்த்தும் இடைநிலை, 'மொஸ்' தன்மைப் பன்மை விகுதி. பகுபத உறுப்பிலக்கணம் படித்தவருக்கு இவ்வமைப்பு புதிதாக இராது.

உறுப்பைக் கண்டறிய, அதே காலத்தின் மற்ற வடிவங்களை அருகில் வைத்துப் பாருங்கள். தொமாப, தொமாபஸ், தொமாபன் ஆகியவற்றில் மாறாமல் வருவது 'தொமாப', மாறுவது விகுதி. 'நான்', 'அவன்' இரண்டுக்கும் பொதுவான 'தொமாப' என்பதில் விகுதியே இல்லை. 'தோமொ' (எடுக்கிறேன்) என்பதிலோ வகையைக் காட்டும் உயிர் மறைந்து, இறுதி 'ஒ' ஒன்றே காலத்தையும் தன்மை என்னும் இடத்தையும் சேர்த்துச் சுமக்கிறது.

அசைக்கு விதி வேறு. இரு உயிர்களுக்கிடையே வரும் ஒற்றை மெய் பின்னுள்ள உயிரோடு சேரும். 'ப்ல்', 'த்ர்' போன்ற கூட்டுமெய்கள் பிரியா. ஆகவே 'பேசுகிறோம்' என்னும் 'அப்லாமொஸ்' அ-ப்லா-மொஸ் ஆகுமேயன்றி, தமிழ்ச் செவி விரும்புவதுபோல் அப்-லா-மொஸ் ஆகாது. 'எடுத்துக்கொண்டு' என்னும் 'தொமாந்தொ'வில் 'ந்' முன்னசையை மூடுகிறது (தொ-மாந்-தொ). உறுப்பிலோ அது விகுதிக்கு உரியது (தொம்-ஆ-ந்தொ). 'எடுப்போமே' என்ற நிபந்தனைப் பொருளுடைய 'தொமரீஅமொஸ்' என்பதில் அழுத்தம் பெற்ற 'ஈ', அடுத்த 'அ'வோடு கலக்காமல் தனி அசையாகிறது: தொ-ம-ரீ-அ-மொஸ். ஆனால் உறுப்பாக 'ரீஅ' ஒன்றே.

அசைப்பிரிப்பைச் சிறிய வேலை என்று ஒதுக்கிவிடாதீர்கள். எழுத்தின்மேல் அழுத்தக்குறி இடுவது அதைப் பொறுத்தே அமைகிறது. 'தொமாப', 'தொமாபமொஸ்' இரண்டிலும் அழுத்தம் 'மா'வின் மேல்தான். முதற்சொல்லில் அது கடைசிக்கு முந்திய அசை, சொல்லும் உயிரில் முடிகிறது என்பதால் குறி வேண்டாம். இரண்டாவதில் அது கடைசியிலிருந்து மூன்றாம் அசையாகிவிடுவதால் குறி கட்டாயம்.