கடற்கரை மனை: சென்ட் விலைக்கு முன்னால் கோடு எங்கே என்று கேளுங்கள்

கேள்வி: பதினைந்து வருடமாகக் குவைத்தில் வேலை. சொந்த ஊர் திங்கள்சந்தை. ராஜாக்கமங்கலத்துக்கு மேற்கே கடலைப் பார்த்தபடி 12 சென்ட் மனை விலைக்கு வருகிறது. பட்டாவும் வில்லங்கமும் சுத்தம், பக்கத்தில் ஏற்கெனவே ரெண்டு வீடு இருக்கிறது, பஞ்சாயத்தில் பிளான் அப்ரூவல் நானே வாங்கித் தருகிறேன் என்கிறார் புரோக்கர். அட்வான்ஸ் கொடுக்கலாமா?

பதில்: இப்போது கொடுக்க வேண்டாம். நிலம் யாருடையது என்பதைத்தான் பட்டா சொல்லும். அதில் வீடு கட்டலாமா என்பதைச் சொல்வது வேறு ஒரு வரைபடம். அதைப் புரோக்கர் உங்களுக்குக் காட்டவில்லை என்று தெரிகிறது.

கடலோர ஒழுங்குமுறை மண்டலம், அதாவது சி.ஆர்.இசட். விதிகள் முதலில் 1991-ல் வந்தன. 2011-லும் 2019-லும் புதிய அறிவிக்கைகள் வந்தன. பெரிய ஓதத்தில் கடல் ஏறி வரும் எல்லையை 'உயர் அலைக் கோடு' என்று குறித்து, அங்கிருந்து நிலத்தை நோக்கி 500 மீட்டர் வரை இந்த விதிகள் செல்லும். 2011 அறிவிக்கைப்படி கிராமப்புறக் கடற்கரையில் முதல் 200 மீட்டரில் புது வீட்டுக்கு இடமில்லை. அங்கே காலங்காலமாக வாழும் மீனவர் போன்ற கடலோர மக்களுக்கு மட்டும் 100 மீட்டருக்கு அப்பால் சில சலுகைகள் உண்டு. 200 முதல் 500 மீட்டர் வரை, பாரம்பரிய உரிமைக்கு உட்பட்ட குடியிருப்பு என்றால், தரைத்தளமும் ஒரு மாடியுமாக 9 மீட்டர் உயரத்துக்குள் கட்டலாம். வெளியிலிருந்து வந்து மனை வாங்குகிறவருக்கு அந்தப் பாரம்பரிய உரிமை தானாக வந்துவிடாது. நகர எல்லைக்குள் வீடுகள் நெருங்கிவிட்ட இடங்களுக்குக் கணக்கு வேறு. அங்கே ஏற்கெனவே உள்ள சாலைக்கோ அனுமதி பெற்ற கட்டடத்துக்கோ நிலப்பக்கம் என்றால் கட்ட வழி உண்டு. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் கிராமப் பஞ்சாயத்தும் பேரூராட்சியும் மாறி மாறி வருவதால், உங்கள் மனை எந்த வகையில் விழுகிறது என்பதை முதலில் கேட்க வேண்டும்.

"2019-ல 200 மீட்டரை 50 மீட்டரா குறைச்சாச்சு" என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். பாதி உண்மை. அந்த 50 மீட்டர், மக்கள் நெருக்கம் சதுர கிலோமீட்டருக்கு 2,161-க்கு மேல் உள்ள ஊரகப் பகுதிகளுக்குத்தான். அதுவும் அந்த அறிவிக்கையின்படி தயாரித்த கடலோர மேலாண்மைத் திட்டத்துக்கு, அதாவது கோடு குறித்த வரைபடத்துக்கு, ஒப்புதல் கிடைத்த பிறகுதான். ஆகவே, இன்றைக்கு எந்த வரைபடம் நடைமுறையில் இருக்கிறது என்பதை எழுத்தில் வாங்குங்கள். கலெக்டர் தலைமையில் மாவட்டக் கடலோர மண்டல மேலாண்மைக் குழு இருக்கிறது, அங்கே மனு கொடுக்கலாம். சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு நிறுவனம் கோடு குறிக்க அங்கீகாரம் பெற்ற அமைப்பு. உங்கள் சர்வே எண்ணை 1:4000 அளவு வரைபடத்தில் பொருத்தி, கோட்டுக்கு எவ்வளவு தூரம் என்று காட்டுவார்கள். கட்டணம் உண்டு, போகட்டும். 12 சென்ட் விலையோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை.

பக்கத்து வீடுகளைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவை 1991-க்கு முன்பே கட்டியவையாக இருக்கலாம், மீனவர் வீடாக இருக்கலாம், சட்டத்தை மீறியதாகவும் இருக்கலாம். பஞ்சாயத்து அனுமதி என்ற பேச்சுக்கு நம் பக்கத்து மாநிலத்திலேயே பாடம் இருக்கிறது. கொச்சி மரடு அடுக்குமாடிகளுக்கு 2006-ல் அன்றைய பஞ்சாயத்துதான் அனுமதி கொடுத்தது. 2019 மே மாதம் இடிக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். 2020 ஜனவரியில் நான்கு அடுக்குமாடிகளையும் வெடிவைத்துத் தகர்த்தார்கள். அவற்றில் வீடு வாங்கியவர்களும் பத்திரம், வங்கிக் கடன் எல்லாம் சரியாக வைத்திருந்தவர்கள்தான்.

இன்னொன்று, மனையை எந்த மாதத்தில் பார்த்தீர்கள்? லீவுக்கு ஜனவரியில் வந்து பார்த்திருந்தால் மணல் அகலமாகக் கிடந்திருக்கும். ஆனி, ஆடியில் கடல் மணலை இழுத்துக்கொண்டு போகும், சீற்றம் அடங்கியபின் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தரும். சில இடங்களில் தருவதே இல்லை. ஆடியில் தம்பியையோ மச்சானையோ அனுப்பி வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். கரையோரத் தென்னையின் வேர் வெளியே தொங்குகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பக்கத்து ஊரில் புதிதாகத் தூண்டில் வளைவு, அதாவது கடலுக்குள் நீளும் கல் தடுப்பு, போட்டிருக்கிறார்களா என்றும் விசாரியுங்கள். அது ஒரு பக்கம் மணலைப் பிடித்து வைத்தால், மறுபக்கம் அரிக்கும். அப்புறம் சர்வேயரை வைத்து மனையை அளந்து பாருங்கள். பட்டாவில் 12 சென்ட் இருக்கும், கடல் தின்றது போக நிலத்தில் ஒன்பதுதான் நிற்கும். கடல் தின்றதைப் பட்டாவில் யாரும் கழிப்பதில்லை.

எல்லாம் பார்த்தும் மனசு கேட்கவில்லை என்றால், அக்ரிமென்டில் இந்த வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள்: "கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளின் காரணமாகக் கட்டட அனுமதி மறுக்கப்பட்டால், முன்பணம் முழுவதையும் 30 நாட்களுக்குள் விற்பவர் திருப்பித் தர வேண்டும்." விற்பவர் இதற்குக் கையெழுத்துப் போடத் தயங்கினால் உங்கள் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

கேள்வி: மணக்குடிக்கு உள்ளே பழையாற்றங்கரையில் ஒரு மனை. அங்கிருந்து கடல் கண்ணுக்கே தெரியாது. அதற்கும் இந்தச் சட்டம் வருமா?

பதில்: வரும். ஓதம் எதுவரை ஏறுகிறதோ அதுவரை ஆற்றங்கரையும் காயல் கரையும் இதில் அடக்கம். கோடையில் தண்ணீரின் உப்பு லிட்டருக்கு 5 கிராம் அளவில் எங்கே நிற்கிறதோ, அதுதான் எல்லை. அந்த எல்லைக்குள் 2011 விதிப்படி உயர் அலைக் கோட்டிலிருந்து 100 மீட்டர் அல்லது ஆற்றின் அகலம், இரண்டில் எது குறைவோ அது. 2019 அறிவிக்கை அந்த 100-ஐ 50 ஆக்கியது. கூடவே மனையின் அளவு வரைபடமான புலப்படத்தை வாங்கி, ஆற்றுப் புறம்போக்கு மனைக்குள் நுழைந்திருக்கிறதா என்று பாருங்கள். 2004 சுனாமியில் மணக்குடிப் பாலமே போனது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அது என்றைக்கோ வருவது. 2021 நவம்பர் மாதிரி மழை வெள்ளம்தான் அடிக்கடி வருவது. அன்றைக்குத் தண்ணீர் எதுவரை ஏறியது என்று அங்கே உள்ள டீக்கடையில் கேளுங்கள், சுவரைத் தொட்டே காட்டுவார்கள்.

கேள்வி: முட்டம் பக்கம், விதிப்படி அனுமதி வாங்கி வீடு கட்டத் தொடங்குகிறோம். எட்டு வருடத்துக்கு முன் அண்ணன் கட்டிய வீட்டில் சன்ஷேடு பெயர்ந்து கம்பி தெரிகிறது. எங்கள் காண்ட்ராக்டரோ, "எம்20 தரக் கான்கிரீட் போதும், எல்லாரும் அதான் போடுறாங்க" என்கிறார்.

பதில்: போதாது. கடலோரச் சூழலில் உள்ள கம்பிக் கான்கிரீட்டுக்கு இந்தியத் தரக்குறியீடு ஐ.எஸ். 456 கேட்பது குறைந்தது எம்30, கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கவர். கடல் சாரல் நேராக அடிக்கும் இடம் என்றால் எம்35, 50 மில்லிமீட்டர். அண்ணன் வீட்டில் பெயர்ந்த இடத்தில் ஸ்கேல் வைத்துப் பாருங்கள். கம்பிக்கு மேல் எவ்வளவு கான்கிரீட் இருந்தது என்று தெரியும். சன்ஷேடில் ஒரு விரல் கனம்கூட இருக்காது என்பது என் ஊகம். உப்பு கான்கிரீட்டுக்குள் மெல்ல இறங்கிக் கம்பியைத் தொடும், கம்பி துருவேறிப் பருக்கும், பருத்தது மேலே உள்ளதைத் தள்ளி உடைக்கும். நடப்பது இவ்வளவுதான்.

ஆகவே கான்கிரீட் போடும் நாளன்று நீங்களோ வீட்டில் ஒருவரோ அங்கே நிற்க வேண்டும். கம்பிக்கு அடியில் கவர் பிளாக்குக்குப் பதில் ஜல்லித் துண்டைச் செருகியிருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். மனையில் தோண்டிய கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்காமல் கலவைக்கு ஊற்றவிடாதீர்கள். கம்பிக் கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. தாண்டினால் கலவைக்கும், கான்கிரீட்டை நனைத்து வைக்கும் கியூரிங்குக்கும் டேங்கர் தண்ணீர்தான். குடிக்க அந்தக் கிணறு ஆகுமா என்பதைச் சித்திரை, வைகாசியில் சோதியுங்கள். ஐப்பசி மழைக்குப் பின் எல்லாக் கிணறும் நல்ல கிணறுதான்! சாதா சிமென்டைவிட, அனல்மின் நிலையச் சாம்பல் அல்லது இரும்பு உலைக் கசடு கலந்த பி.பி.சி., பி.எஸ்.சி. ரகங்கள் உப்பை நன்றாகத் தடுக்கும், ஆனால் கியூரிங்கில் சோம்பல் கூடாது. கம்பியை வாங்கி மாதக்கணக்கில் கடல்காற்றில் போட்டுவைக்க வேண்டாம். 'துருப்பிடிக்காத' என்று விற்கும் கம்பி துருவைத் தாமதப்படுத்தும், கவர் குறைந்ததை ஈடுகட்டாது. ஜன்னலுக்கு இரும்புக்குப் பதில் யு.பி.வி.சி. அல்லது அயனி மரம் வையுங்கள். செலவு கூடத்தான் செய்யும். ஒரு அறையைக் குறைத்தாவது கான்கிரீட்டுக்குக் கொடுங்கள் என்பேன்.

கேள்வி: கடனோடு வீட்டுக்கு இன்சூரன்சும் போட்டிருக்கிறது. கடல் அரித்து வீடு போனால் பணம் வருமா?

பதில்: 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் விற்கும் 'பாரத் கிருஹ ரக்‌ஷா' பாலிசி என்றால், புயல், வெள்ளம், சுனாமி எல்லாம் அடக்கம். கடலரிப்பு, ஆற்றரிப்பு அடக்கம் இல்லை. நிலச்சரிவு, நிலம் அமிழ்தல் பற்றிய பிரிவின் விலக்குகளில் அது எழுதியே இருக்கிறது. காப்பீட்டுத் தொகையும் கட்டடத்துக்குத்தான், நிலத்தின் விலை அதில் சேராது. எப்படிப் போனது என்பதில்தான் வழக்கே வரும் என்பதால், வீட்டையும் கரையையும் சேர்த்து வருடத்துக்கு ஒருமுறை தேதியோடு படம் எடுத்து வையுங்கள். வங்கி கொடுத்தது கடன் காப்பீடு மட்டுமா, வீட்டுக் காப்பீடா என்பதையும் பாலிசியைப் பிரித்துப் பாருங்கள்.

கேள்வி: கட்ட முடியாத மனையை மறைத்து விற்றுவிட்டார்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா?

பதில்: தனி ஆள் தன் நிலத்தை அப்படியே விற்றிருந்தால் அது சேவை இல்லை. சிவில் வழக்குதான், மோசடி என்றால் போலீஸ் புகார். சாலை, மின்சாரம், அனுமதி எல்லாம் தருகிறோம் என்று லேஅவுட் போட்டு விற்றிருந்தால் அது சேவைக் குறைபாடு. கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட ஆணையத்திலேயே இரண்டு வருடத்துக்குள் மனு போடலாம். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லேஅவுட் என்றால் ரெரா (மனை விற்பனை ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண்ணையும் கேளுங்கள். ஆலோசனைக்கு 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் கூப்பிடலாம். புரோக்கர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய 'பீச் வியூ, உடனே வீடு கட்டலாம்' விளம்பரத்தை மட்டும் அழித்துவிடாதீர்கள், மனுவோடு முதலில் இணைக்க வேண்டியது அதுதான்.