ரேடியம் ஸ்டிக்கரில் ரேடியம் உண்டா? – கேள்வி பதில்

கேள்வி: பைக்கில் ஒட்டும் ரேடியம் ஸ்டிக்கரால் கதிர்வீச்சு ஆபத்து உண்டா சார்?

பதில்: இல்லை. அதில் ரேடியம் என்னும் கதிரியக்கத் தனிமம் துளியும் கிடையாது. அது ஒளிர்வதுகூட இல்லை. அதிலுள்ள நுண்ணிய கண்ணாடி மணிகள், எதிரே வரும் விளக்கின் ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்புகின்றன. இருட்டறையில் வைத்துப் பாருங்கள், ஒன்றும் தெரியாது.

கேள்வி: தாத்தாவின் பழைய வாட்ச் முன்பு இரவில் ஒளிருமாம். இப்போது ஒளிர்வதில்லை. ரேடியம் தீர்ந்துவிட்டதா?

பதில்: தயவுசெய்து அதைத் திறக்காதீர்கள். ரேடியம் பாதியாகக் குறையவே சுமார் 1600 ஆண்டுகள் ஆகும். வாட்சின் டயலில் பூசிய ரேடியம் கலந்த சாயத்தில் ஒளிர்ந்தது துத்தநாக சல்பைடு; ரேடியத்தின் கதிர்கள் ஓயாமல் தாக்கியதில் அது கெட்டுப்போயிருக்கும். விளக்கு அணைந்தாலும் ரேடியம் அப்படியே இருக்கிறது. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் 1917 முதல் இளம்பெண்கள் இந்தச் சாயத்தை டயல்களில் பூசினார்கள். தூரிகை முனையை உதட்டில் வைத்துக் கூராக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். ரேடியம் எலும்பில் போய்ச் சேர்ந்து, பலருக்குத் தாடை எலும்பே அழுகியது.

கேள்வி: பாஸ்பரஸ் ஒளிர்வதுதானே நின்றொளிர்தல் (பாஸ்பரசென்ஸ்)?

பதில்: இல்லை. வெள்ளைப் பாஸ்பரஸ் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிவதால் ஒளிர்கிறது. அது வேதி ஒளிர்வு. நின்றொளிர்தல் என்பது, வாங்கிய ஒளியைத் தேக்கி மெல்ல விடுவது. குழந்தைகள் அறைச் சுவரில் ஒட்டும் நட்சத்திரம் அந்த வகை. டியூப்லைட்டின் உட்பூச்சு புற ஊதாக் கதிர் படும்போது ஒளிரும், கதிர் நின்றதும் அநேகமாக உடனே அடங்கிவிடும், அது ஒளிர்தல் (ஃப்ளோரசென்ஸ்).

கேள்வி: மின்மினி?

பதில்: அதுவும் வேதி ஒளிர்வுதான். மேற்கொண்டு உயிரியல் படித்தவரிடம் கேளுங்கள்.

கேள்வி: கதவில் ஒட்டிய ரேடியம் ஸ்டிக்கர் ஆபத்தா?

பதில்: முதல் பதிலைப் பாருங்கள்.

கேள்வி: ரேடியம் என்று கேட்டால்தான் கடைக்காரர் எடுத்துத் தருகிறார். மக்கள் சொல்லைத் திருத்த நீங்கள் யார்?

பதில்: கடையில் அப்படியே கேளுங்கள், தடையில்லை. ஆனால் இன்று வந்த கேள்விகளைப் பாருங்கள். ஒன்றும் செய்யாத ஸ்டிக்கருக்குப் பயப்படுகிறோம். நிஜ ரேடியம் பூசிய வாட்சைப் பிள்ளைகள் கையில் விளையாடக் கொடுக்கிறோம். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்ததால் வந்த வினை இது. ‘எதிரொளிப்பு ஸ்டிக்கர்’ என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்?

கேள்வி: மொழி அப்படித்தான் வளரும் சார்.

பதில்: வளரட்டும். யாரும் நகத்தால் டயலைச் சுரண்டாமல் இருந்தால் சரி.

கேள்வி: சரி, அந்தப் பழைய சாயத்தைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசலாமா?

பதில்: கூடாது! உதிரும் தூள் மூச்சோடு உள்ளே போகும். டயலின் முகப்பில் கீழ்ப்பகுதியில் ஆங்கில ‘T’ எழுத்து இருந்தால் அது டிரிடியம் என்னும் வேறொரு கதிரியக்கப் பொருள். 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகிவிடும். அந்த எழுத்து இல்லாத பழைய ஒளிர் வாட்ச் என்றால், ரேடியம் என்றே வைத்துக்கொண்டு மூடியபடி விட்டுவிடுங்கள்.